கார் கதவும் ஆறரை அங்குல ஆசையும்

கார் வாங்குகிறவர்களில் பலருக்கு, சாவி கைக்கு வந்த சில வாரங்களிலேயே ஒரு ஆசை முளைத்துவிடும். கதவில் கம்பெனி வைத்துக் கொடுத்த ஸ்பீக்கரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதைவிடப் பெரிதாக இரண்டோ நாலோ மாட்டிவிட வேண்டும்! சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை மாதிரி கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெருக்களில், இந்த ஆசையோடு வந்து நிற்கிறவர்களைத் தினமும் பார்க்கலாம். காலேஜ் முடித்து முதல் சம்பளத்தில் பழைய கார் வாங்கிய பையனும் இருப்பான், பகல் முழுக்க வண்டியிலேயே வாழும் டாக்சி டிரைவரும் இருப்பார்.

இந்த ஆசையில் தப்பே இல்லை. கம்பெனி கொடுக்கும் ஸ்பீக்கர் பெரும்பாலும் சிக்கனத்துக்காகப் போடப்பட்டதுதான். மெல்லிய காகிதக் கூம்பு, சின்னக் காந்தம், பிளாஸ்டிக் சட்டம். விலை குறைந்த மாடல் என்றால் பல கார்களில் அதுவும் கிடையாது. கதவில் ஸ்பீக்கருக்கான வட்டம் மட்டும் இருக்கும், ஸ்பீக்கர் இருக்காது. இளையராஜா பாட்டுகளில் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் பேஸ் கிட்டாரை இப்படிப்பட்ட கதவில் தேடினால் கிடைக்காது. பேஸ் கிட்டாரின் கனமான தந்தி சாதாரணமாக 41 ஹெர்ட்ஸில் அதிர்வது. கதவில் உள்ள நாலு அங்குல ஸ்பீக்கரோ 100 ஹெர்ட்ஸுக்கு மேலேயே தளர ஆரம்பித்துவிடும். பாட்டில் பாதி காணோம் என்று ஒருவர் சொன்னால், அது வீம்பு இல்லை. நிஜமாகவே காணோம்.

பிரச்சினை ஆசையில் இல்லை, அதைத் தீர்த்து வைக்கிற விதத்தில்தான் இருக்கிறது. "நாலு இன்ச் சின்னது சார், ஆறரை போட்டுடலாம். ஓட்டை பத்தாது, கொஞ்சம் கட் பண்ணிக்கலாம்." பத்து நிமிஷத்தில் கதவின் உள்தகடு வெட்டப்பட்டுவிடும். சாயங்காலம் கார் வீட்டுக்குப் போகும்போது சத்தம் கூடியிருக்கும். ஆனால் பாட்டு கூடியிருக்குமா என்பது சந்தேகம். கதவோ இனி பழைய கதவு ஆகாது.

பெரிய ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் கதவைச் சரி பண்ண வேண்டும். கதவின் இரும்பை வெட்டித்தான் ஸ்பீக்கர் மாட்ட முடியும் என்றால், அந்த ஸ்பீக்கர் அந்தக் காருக்கானது இல்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். ஏன் என்று பார்க்கலாம்.

அங்குலம் பொய் சொல்லாது, ஆனால் முழுதும் சொல்லாது

பெரிய ஸ்பீக்கருக்குப் பலன் இருக்கிறது. அதை மறுக்க முடியாது. ஸ்பீக்கர் செய்கிற வேலை காற்றைத் தள்ளுவது. நாலு அங்குல வட்டத்தைவிட ஆறரை அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 2.6 மடங்கு. ஐந்தேகால் அங்குலத்தைவிட ஒன்றரை மடங்கு. பரப்பு கூடினால் ஒரே அசைவில் அதிகக் காற்று நகரும். கனமான ஒலிகளுக்கு இது ரொம்ப முக்கியம். ஏனென்றால் அதிர்வெண் பாதியாகக் குறையும்போது, அதே அளவு சத்தம் கேட்க கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். சின்ன ஸ்பீக்கர் அங்கேதான் மூச்சு வாங்குகிறது.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு விஷயத்தை ஏற்கெனவே இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. அதுதான் பெட்டி.

வீட்டு ஸ்பீக்கர் எதையாவது நினைத்துப் பாருங்கள். மரப்பெட்டி இல்லாத ஸ்பீக்கர் எங்காவது உண்டா? கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்னால் காற்றை இழுக்கிறது. முன் அலையும் பின் அலையும் நேர் எதிரானவை. இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். அதாவது பல கார்களின் நீளத்துக்குப் பக்கம். அவ்வளவு நீண்ட அலைக்குக் கதவில் உள்ள ஒரு ஓட்டையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வருவது பெரிய விஷயமே இல்லை. ஸ்பீக்கரை வெறும் கையில் பிடித்துக்கொண்டு பாட்டுப் போட்டால் கீச்சென்று கேட்பது இதனால்தான். பெட்டியில் வைத்ததும் அதே ஸ்பீக்கருக்குக் குரல் உடைந்து ஆண்குரல் வந்துவிடும் :-)

காரில் அந்தப் பெட்டி எது? கதவுதான். வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே உள்ள இடம்தான் ஸ்பீக்கரின் பெட்டி. அந்த உள்தகட்டை டோர் பேடைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடி ஏற்றி இறக்கும் பொறியை மாட்டவும், பூட்டைத் தொடவும் கம்பெனியே பெரிய பெரிய ஓட்டைகள் விட்டிருக்கும். அவற்றை மூடியிருப்பது பல கார்களில் வெறும் பிளாஸ்டிக் தாள். வெளித்தகடோ தட்டினால் தகர டப்பா மாதிரி 'டங்' என்கிறது. இப்படி ஓட்டையும் தகரமுமாக ஒரு பெட்டி செய்து ஸ்பீக்கரை மாட்டித் தந்தால் யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா?

இந்தக் கதவில் ஆறரை அங்குலம் மாட்டினால் என்ன ஆகும்? முன்பைவிட அதிகமாகக் காற்று நகரும். அதிகமாகவே ஓட்டை வழியாகத் திரும்பி வந்து ரத்தாகும். மிச்சமிருக்கும் சக்தி தகட்டையும் டோர் பேடையும் கிடுகிடுக்க வைக்கும். பணம் கொடுத்து வாங்கியது பேஸ் இல்லை, கடகடப்பு.

வாட் என்கிற வசிய மருந்து

அங்குலத்துக்கு அடுத்தபடியாக ஆளை மயக்குவது வாட் கணக்கு. அட்டைப் பெட்டியில் "300 வாட்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது ஒரு கணத்துக்குத் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு, அதாவது ஆர்எம்எஸ், எங்கோ ஓரத்தில் பொடி எழுத்தில் 30 என்றோ 50 என்றோ இருக்கும். அது மட்டும் இல்லை. இவை எல்லாம் ஸ்பீக்கர் தாங்கும் அளவு, தரும் அளவு இல்லை. 300 வாட் தாங்கும் ஸ்பீக்கரை மாட்டினால் 300 வாட் சத்தம் வரும் என்று நினைப்பது, பெரிய குடம் வாங்கினால் குழாயில் தண்ணீர் அதிகமாக வரும் என்று நினைப்பது மாதிரி.

சரி, குழாயில் எவ்வளவு வருகிறது? ஸ்டீரியோ செட்டின் முகப்பில் "50 வாட் x 4" என்று போட்டிருக்கும். இன்ஜின் ஓடும்போது காரில் சுமார் 14 வோல்ட் இருக்கும். ஸ்பீக்கரின் மின்தடை பொதுவாக 4 ஓம். உள்ளே வோல்டேஜை உயர்த்தும் சுற்று இல்லாத சாதாரண செட், பாட்டைச் சிதைக்காமல் ஒரு ஸ்பீக்கருக்குத் தரக்கூடிய உச்சம் கணக்குப்படியே 25 வாட்டைத் தாண்டாது. 14-ஐ 14-ஆல் பெருக்கி எட்டால் வகுத்துப் பாருங்கள், வந்துவிடும். நடைமுறையில் 15 முதல் 20 வாட். அப்படியானால் அந்த 50 எங்கிருந்து வந்தது? அதே 14-ஐ 14-ஆல் பெருக்கி நாலால் வகுத்தால் 49! வால்யூமை முழுக்கத் திருப்பி, அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டு வெறும் சதுரமாகிப் போன நிலையில் வரும் கணக்கு அது. அந்த நிலையில் பாட்டு கேட்க முடியாது.

ஆகவே பெட்டியில் பார்க்க வேண்டிய எண் வேறு. அது சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் என்று போட்டிருப்பார்கள். 3 டெசிபெல் கூட வேண்டும் என்றால் பவர் இரண்டு மடங்காக வேண்டும். அதனால் 86 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதில் 92 டெசிபெல் ஸ்பீக்கர் வாங்குவது, செட்டின் பவரை நாலு மடங்காக்குவதற்குச் சமம். தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாதவர்களுக்கு அங்குலத்தையும் வாட்டையும்விட இந்த எண்தான் உதவும்.

வெட்டினால் என்ன போகிறது?

"கதவை ஒரு அங்குலம் வெட்டினால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவது தண்ணீர். கார் கதவுக்குள் மழைத்தண்ணீர் போவது கோளாறு இல்லை. கண்ணாடிக்கும் ரப்பர் பீடிங்குக்கும் நடுவே இறங்கும் தண்ணீர் கதவுக்குள் வடிந்து, அடியில் உள்ள சின்னத் துளைகள் வழியாக வெளியே போக வேண்டும் என்றுதான் கதவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. உள்தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் சும்மா தூசிக்காக இல்லை, அந்தத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பதற்காக. அவசர வேலையில் முதலில் கிழிபடுவது அதுதான். அப்புறம் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கால்மிதியடிக்குக் கீழே ஏன் ஈரம், ஏன் நாற்றம் என்று தேட வேண்டியதுதான். வெட்டிய இரும்பின் ஓரத்தில் பெயின்ட் இருக்காது. துரு அங்கிருந்து தன் வேலையைத் தொடங்கும்.

இரண்டாவது கண்ணாடி. பெரிய ஸ்பீக்கருக்குக் காந்தமும் பெரிது, ஆழமும் அதிகம். கண்ணாடி ஏறியிருக்கும்போது எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். டோல்கேட்டில் கண்ணாடியை முழுக்க இறக்கும்போது காந்தத்தில் போய் முட்டும். கண்ணாடி கீறும், இல்லை மோட்டார் திணறும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம், உயிர் சம்பந்தப்பட்டது. பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதும்போது உட்கார்ந்திருப்பவருக்கும் மோதும் வண்டிக்கும் நடுவே இருப்பது அந்தக் கதவு மட்டும்தான். முன்னால் பானெட், இன்ஜின் என்று நசுங்க இடம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு முழம்கூட இல்லை. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடுப்பு வண்டியைக் காரின் பக்கவாட்டில் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். அங்கே கிடைத்த நட்சத்திரங்கள் வெட்டப்படாத கதவுக்குக் கிடைத்தவை.

இன்னொன்றும் உண்டு. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில கார்களில் மோதலைக் கண்டுபிடிக்கும் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது. மோதலில் வெளித்தகடு உள்ளே அமுங்கும்போது கதவுக்குள் காற்றழுத்தம் சட்டென்று ஏறும். சென்சார் அதை உணர்ந்து சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகளில் ஏர்பேக்குக்குத் தகவல் சொல்லும். கதவில் புதிதாக ஒரு பெரிய ஓட்டை போட்டாலோ, மூடியிருந்ததைத் திறந்து விட்டாலோ அந்த அழுத்தம் கம்பெனி சோதித்த மாதிரி ஏறும் என்று யாரும் உறுதி தர முடியாது. வெட்டுகிற கடைக்காரருக்கு அந்த சென்சார் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். கார் ஓட்டுகிறவருக்கும் தெரியாது. பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு வரும் அம்மாவுக்குச் சுத்தமாகத் தெரியாது.

கார் கை மாறும் பொருள் என்பதையும் மறக்கக் கூடாது. இன்று வெட்டுகிறவர் மூன்று வருஷத்தில் விற்றுவிட்டுப் போய்விடுவார். கம்பெனி ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டி, டோர் பேடைப் போட்டு மூடிவிட்டால் வெட்டு வெளியே தெரியாது. வாங்குகிறவர் தன் குடும்பத்தை உட்கார வைப்பது அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான்.

அப்ப என்னதான் செய்வது?

எதுவும் வேண்டாம், தலையெழுத்தே என்று கம்பெனி ஸ்பீக்கரோடு காலம் தள்ளுங்கள் என்பது இதற்கு அர்த்தம் இல்லை. செய்கிற வரிசையை மாற்றினால் போதும்.

முதலில் காசே செலவில்லாத ஒரு சோதனை. ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் ஒயர் மாறியிருந்தாலே இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று ரத்து செய்து பேஸ் காணாமல் போகும். ஸ்பீக்கர் ஒயரைச் செட்டிலிருந்து கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்த்தால், பிளஸ்ஸோடு பிளஸ் சேர்ந்தால் கூம்பு வெளியே வரும். இரண்டு கதவிலும் ஒரே மாதிரி வர வேண்டும். "ஸ்பீக்கர் சரியில்லை" என்று தூக்கிப் போடப்படுபவற்றில் சில இந்தச் சின்னத் தப்பால் பலியானவையாக இருக்கலாம்.

அடுத்து கதவு. வெளித்தகட்டின் உட்புறத்தில், முக்கியமாக ஸ்பீக்கருக்கு நேர் பின்னால், அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டினால் தகரச் சத்தம் அடங்கும். மொட்டை மாடிக்கு ஒட்டும் தார் ஷீட்டை மலிவென்று வாங்கி ஒட்டுகிறவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் அது இளகி வழியும், வண்டி முழுக்கத் தார் வாடை. அது வேண்டாம். உள்தகட்டில் உள்ள ஓட்டைகளைக் கழற்றி மாட்டும் விதமாக மூட வேண்டும். சென்சார் உள்ள கதவு என்றால் கம்பெனி சர்வீஸில் கேட்காமல் எந்த ஓட்டையையும் மூடவும் கூடாது, திறக்கவும் கூடாது. கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது. பிளாஸ்டிக் தாள் திரும்ப அதன் இடத்துக்குப் போக வேண்டும்.

அதற்குப் பிறகுதான் ஸ்பீக்கர். கதவில் ஏற்கெனவே இருக்கும் வட்டத்துக்குள் எந்த அளவு உட்காருமோ அந்த அளவு. பல கார்களில் அந்தந்த மாடலுக்கென்று செய்த அடாப்டர் வளையம் கிடைக்கிறது. அதை வைத்தால் இரும்பை வெட்டாமலேயே ஒரு அளவு பெரிய ஸ்பீக்கர் உட்கார வாய்ப்பு உண்டு. வளையம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். எம்டிஎஃப் மர வளையம் ஈரம் பட்டால் ஊதிவிடும். வாங்குவதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு ஆழத்தை அளக்க வேண்டும். ஆழம் பத்தாது என்றால் நியோடிமியம் காந்தம் உள்ள தட்டை ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. ஒயரை வெட்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றாமல், அந்தக் காருக்கான கப்ளர் வாங்கிச் செருகினால் நாளைக்குப் பழையபடி மாற்றவும் முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் அடிவயிற்றில் அதிர்கிற பேஸ் வேண்டும் என்றால், அந்த வேலையைக் கதவின் தலையில் கட்டாமல் சீட்டுக்கு அடியில் வைக்கும் சின்ன சப்வூஃபரிடம் கொடுப்பது நல்லது. அதற்குப் பெட்டி அதனுடனேயே வருகிறது. பேட்டரியிலிருந்து போகும் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். செட்டில் கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாதபடி ஹைபாஸ் வைத்துவிட்டால், சின்ன ஸ்பீக்கரும் நிம்மதியாகப் பாடும்.

இதில் கடைக்காரர் மட்டும் குற்றவாளியா?

இல்லை. டேம்பிங் ஷீட் ஒட்ட ஒரு கதவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த வேலை டோர் பேடுக்கு உள்ளே ஒளிந்துகொள்ளும், யார் கண்ணிலும் படாது. ஸ்பீக்கரோ பளபளவென்று கண்ணில் படும். கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் காசு கொடுக்க வாடிக்கையாளர் தயாராக இல்லை என்றால், கடைக்காரர் கண்ணுக்குத் தெரிவதைத்தான் விற்பார். நிதானமாக அளந்து, ஷீட் ஒட்டி, ஒரு துளி ஈரம் வராமல் மூடித் தருகிற மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கூலி அதிகம் என்று அடுத்த கடைக்கு ஓடுகிறவர்கள் வாடிக்கையாளர்கள்தான்.

கார் கம்பெனிகளுக்கும் பங்கு இருக்கிறது. லட்சக்கணக்கில் விலை வைத்துவிட்டு, ஓட்டையை மூட ஒரு பிளாஸ்டிக் தாளும் காகித ஸ்பீக்கரும் கொடுத்தால், வாங்கியவர் வெளியே போய்த்தான் ஆக வேண்டியிருக்கிறது. அந்தக் கதவில் எந்த அளவு, எவ்வளவு ஆழம் வரை மாட்டலாம், எங்கே கை வைக்கக் கூடாது, சென்சார் இருக்கிறதா இல்லையா என்று காரோடு வரும் புத்தகத்தில் தெளிவாக ஒரு பக்கம் போட்டால் என்ன குறைந்துவிடும்? கதவை யாரும் தொடமாட்டார்கள் என்று பாவனை செய்வதைவிட, தொடப் போகிறவர்களுக்கு வழி சொல்வது மேல்.

நல்ல பாட்டைக் காரில் நன்றாகக் கேட்க ஆசைப்படுவது ஒரு நியாயமான ஆசை. நாளுக்குப் பத்து மணி நேரம் ஸ்டீயரிங் பிடிக்கிறவருக்குப் பாட்டு ஆடம்பரம் இல்லை, துணை. அவர் கஷ்டப்பட்டுச் சேர்த்த காசு கடகடக்கும் தகரத்துக்கும் துருவுக்கும் போகக் கூடாது என்பதுதான் இங்கே சொல்ல வந்தது. அடுத்த முறை கடையில் யாராவது "கட் பண்ணிக்கலாம்" என்றால், "கட் பண்ணாம எது உட்காரும்?" என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த கடையில் காசு கொடுங்கள். பதில் வரவில்லை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இன்னொரு ஸ்பீக்கர் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்.